குறும்புக் குரலுக்கு ஷூர் எஸ்எம்58: எங்கே கைகொடுக்கும், எங்கே காலை வாரும்

சோகப் பாட்டைப் பதிவு செய்வது ஒப்பீட்டில் சுலபம். பாடகி ஒரே இடத்தில் நிற்பார், ஏறக்குறைய ஒரே அளவில் பாடுவார், மைக்கும் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். துள்ளலான பாப் பாட்டு அப்படியில்லை. முதல் வரி காதோரக் கிசுகிசுப்பு. அடுத்த வரி பேச்சுக்கும் பாட்டுக்கும் நடுவே ஒரு இழுவை. பல்லவி முடிகிற இடத்தில் ஒரு கீச்சல், நடுவில் சிரிப்பு, உதட்டைச் சுழித்து ஒரு "ம்ஹூம்", போகிற போக்கில் "ச்சீ", "ஏய்", "அய்யே". பின்னணியில் ஒரு தாளமும் கீபோர்டும் பேஸ் கிட்டாரும்தான் இருக்கும். பாட்டை இழுத்துக்கொண்டு போவது அந்த ஒற்றைப் பெண் குரல். அதுவும் ஆயிரத்தில் அடையாளம் தெரிகிற குரல்: கொஞ்சம் மூக்கோசை, கொஞ்சம் பிள்ளைத்தனம், அல்லது தொண்டையில் மணல் உரசுகிற கரகரப்பு. அந்தக் குரலின் முனையை மழுங்கடிக்கக் கூடாது, கேட்கிறவர் காதையும் குத்தக் கூடாது. இந்த இரண்டையும் ஷூர் நிறுவனத்தின் எஸ்எம்58 மைக் எவ்வளவு தூரம் செய்கிறது என்பதுதான் இந்த மதிப்புரை.

1966இல் சந்தைக்கு வந்த டைனமிக் மைக் இது; அதாவது காந்தத்துக்குள் அசையும் கம்பிச்சுருளால் ஒலியை வாங்குகிற வகை. எஸ்எம் என்பது ஸ்டூடியோ மைக்ரோஃபோன் என்பதன் சுருக்கம்; பேர் வாங்கியதென்னவோ மேடையில். எடை 298 கிராம், நீளம் 162 மில்லிமீட்டர். பிடிக்கும் அலைவரிசை 50 முதல் 15,000 ஹெர்ட்ஸ் வரை. முன்பக்க ஒலியை வாங்கிப் பின்பக்க ஒலியைத் தள்ளுகிற கார்டியாய்ட் அமைப்பு. உணர்திறன், அதாவது ஒலிக்கு எவ்வளவு மின்னழுத்தம் தருகிறது என்பது, ஒரு பாஸ்கல் ஒலி அழுத்தத்துக்கு 1.85 மில்லிவோல்ட். இந்தக் கடைசி எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், தலைவலியில் பாதி அதிலிருந்துதான் வரும்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். கீச்சான, கணீரென்ற, மூக்கோசை தூக்கலான குரலுக்கு இது விலை கூடிய, நுணுக்கமாகக் கேட்கிற பல கண்டன்சர் மைக்குகளைவிடப் பொருத்தம். மூச்சுக்காற்று கலந்த பஞ்சுக் குரலுக்கு இது அரைகுறை. எந்தக் குரலாக இருந்தாலும், வாய்க்கும் மைக்குக்கும் இடையிலுள்ள தூரத்தைப் பாடகி ஆளத் தெரிந்துகொண்டால் மட்டுமே இந்த மைக் முழுதாக வேலை செய்யும். இதில் டோன் கண்ட்ரோல் என்று தனியாக எதுவும் கிடையாது. தூரம்தான் டோன் கண்ட்ரோல்.

எந்தக் குரலுக்கு எது ஒத்துவரும்

இந்த மைக் நேர்மையாகக் கேட்பதில்லை. அதற்கென்று ஒரு சாய்வு உண்டு. 2 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் மெல்ல ஏறி, 4 முதல் 6 கிலோஹெர்ட்ஸ் வரை ஒரு மேடு. சொற்கள் தெளிவாக விழுவது இதனால்தான். அதைத் தாண்டி 7, 8 கிலோஹெர்ட்ஸ் பக்கம் ஒரு பள்ளம், 10 கிலோஹெர்ட்ஸ் அருகே இன்னொரு சின்ன மேடு, அப்புறம் சரிவு. 12க்கு மேலே இருக்கிற பளபளப்பு பெரும்பாலும் கிடைக்காது.

எல்.ஆர்.ஈஸ்வரி பாடும்போது மேலே ஏறிக் கணீரென்று அடிக்குமே, அந்த மாதிரிக் குரல்களுக்கு அந்தச் சரிவு வரம். குரலிலேயே வேண்டிய அளவு முனை இருக்கிறது; மைக் மேலும் சீவிவிட வேண்டாம். கண்டன்சரில் பாடினால் மேல்ஸ்தாயிக் கீச்சல் ஊசி மாதிரி ஏறும், மிக்ஸ் செய்கிறவர் 8 கிலோஹெர்ட்ஸிலிருந்து வெட்டிக்கொண்டே போவார், கடைசியில் குரலில் உயிர் போயிருக்கும். எஸ்எம்58 அந்த வெட்டுவேலையில் பாதியைப் பதிவின்போதே முடித்துத் தருகிறது.

கரகரப்பான குரலுக்கும் இது நல்ல ஜோடி. கரகரப்பின் குணம் உட்கார்ந்திருப்பது பெரும்பாலும் நடு அலைவரிசையில். அதை இந்த மைக் தடிமனாக, முன்னால் தள்ளித் தரும்.

பிள்ளைக் குரலில் பாடுகிறவர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. குழந்தைத்தனமான குரலின் ஆற்றல் 3 முதல் 5 கிலோஹெர்ட்ஸில் குவியும். மைக்கின் மேடும் அங்கேயே. இரண்டும் சேர்ந்தால் ஒரு வரிக்கு அழகாக இருக்கும், மூன்றாவது சரணத்தில் எரிச்சல் கிளம்பும். இதற்கு மருந்து ஈக்யூ (அலைவரிசைகளைக் கூட்டிக் குறைக்கும் கருவி) அல்ல, கோணம். மைக்கை 30 டிகிரி திருப்பி, வாயின் ஓரத்தைப் பார்க்கிற மாதிரி வைத்தால் அந்த மேடு தணியும். பதிவுக்கு முன் இரண்டு நிமிடம் செலவழித்துக் கோணத்தைத் தேடுவது, பிற்பாடு இரண்டு மணி நேரம் ஈக்யூவோடு மல்லுக்கட்டுவதைவிட மேல்.

மூச்சு கலந்து, பாதி பேசுவது போலப் பாடுகிற குரலில்தான் இந்த மைக் தோற்கிறது. அந்தக் குரலின் அழகே 10 கிலோஹெர்ட்ஸுக்கு மேலுள்ள காற்றோசை. அதில் பெரும்பகுதியை இந்த மைக் வாங்காது. இல்லாததை ஈக்யூவில் ஏற்றினால் வருவது பெரும்பாலும் மைக்கின் மெல்லிய ஒலியைப் பெருக்கும் ப்ரீஆம்ப்பின் இரைச்சல்தான்.

தூரம்

வாய் மைக்கை நெருங்க நெருங்க அடிக்கட்டை ஒலி பெருகும். எல்லாக் கார்டியாய்ட் மைக்குகளிலும் உண்டு. இதில் கொஞ்சம் தாராளம். உதடு உருண்டை வலையை ஒட்டினாற்போல இருக்கும்போது 100 ஹெர்ட்ஸ் பக்கம் 6 முதல் 10 டெசிபல் வரை கூடும். பெண் குரலின் அடிப்படைச் சுருதி பெரும்பாலும் 180 ஹெர்ட்ஸுக்கு மேலே என்பதால், இந்தக் கூடுதல் முழுதும் சுரத்தில் சேராது. கொஞ்சம் உடம்பாகச் சேரும். மிச்சமெல்லாம் மூச்சு இடியாகவும் கை உரசலாகவும் வந்து நிற்கும். இதனால்தான் "நெருங்கிப் பாடினால் குரல் கனக்கும்" என்கிற பொது அறிவுரை ஆண்களுக்குப் பலிக்கிற அளவுக்குப் பெண்களுக்குப் பலிப்பதில்லை.

மறுபுறம் ஒலி அளவு. தூரம் இரட்டிப்பாகும்போது அளவு சுமார் 6 டெசிபல் விழும். 2.5 சென்டிமீட்டரிலிருந்து 5க்குப் போனால் 6, 10க்குப் போனால் 12, 20க்குப் போனால் 18. குறும்புப் பாட்டில் கிசுகிசுப்புக்கும் கீச்சலுக்கும் நடுவே 30 டெசிபலுக்கு மேல் வித்தியாசம் வருவது சாதாரணம். அதில் பாதியைப் பாடகியின் கழுத்தே சமன் செய்துவிட முடியும் என்பது இந்தக் கணக்கின் பொருள்.

நடைமுறையில் மூன்று இடம் போதும். கிசுகிசுப்பு, கொஞ்சல், முணுமுணுப்புக்கு 2 முதல் 3 சென்டிமீட்டர், நேர் எதிரே அல்ல, சற்றே ஓரமாக. வழக்கமான பாடலுக்கு நாலு விரல் இடைவெளி, அதாவது 7 சென்டிமீட்டர் வாக்கில். கீச்சல், கூப்பாடு, குலவை மாதிரி நாக்கைச் சுழற்றி எழுப்பும் ஒலி எல்லாவற்றுக்கும் 15 சென்டிமீட்டர். ஸ்டாண்டில் மைக் இருந்தால் தலையைப் பின்னால் சாய்ப்பதைவிட ஒரு கால் பின்னால் வைப்பது நல்லது. தலை சாய்ந்தால் தொண்டை இறுகும், சுருதி மேலே ஏறும்.

பழகாதவர்கள் செய்யும் தவறு, கீச்சல் முடிந்தபின் மெதுவாகத் திரும்பி வருவது. அடுத்த வரியின் முதல் சொல் தூரத்தில் விழுந்து மெலிந்துவிடும். இந்த வகைப் பாட்டில் முதல் சொல்லில்தான் கேலி உட்கார்ந்திருக்கும். வரியைப் பாடும்போதே அசைவையும் சேர்த்து ஒத்திகை பார்க்க வேண்டும், நடனத்தைப் போல.

சிரிப்புக்குத் தனி மரியாதை கொடுங்கள். சிரிப்பு என்பது அடுத்தடுத்து வரும் "ஹ" ஒலிகளின் வரிசை; ஒவ்வொன்றும் ஒரு காற்று வீச்சு. 3 சென்டிமீட்டரில் சிரித்தால் ஒவ்வொரு "ஹ"வும் ஒரு குத்து. முகத்தைச் சற்றுத் திருப்பிச் சிரித்தால் குத்தும் இருக்காது, வெட்கப்பட்டுத் திரும்புகிற பாவமும் இலவசமாகக் கிடைக்கும்.

ச்சீ, ப்பா, ஷ்: தமிழ் எழுத்துகள் எங்கே இடிக்கும்

காற்றுக் குத்தைத் தடுக்கும் பாப் ஃபில்டர் வேண்டுமா என்று கேட்பவர்கள் அதிகம். உருண்டை வலைக்குள்ளேயே ஒரு மெல்லிய ஸ்பாஞ்ச் இருக்கிறது. சாதாரணப் பாடலுக்கு அது போதும். தமிழின் "ப" ஆங்கிலத்தில் சொல் முதலில் வருகிற அந்த ஒலி மாதிரி காற்றை வெளியே தள்ளுவதில்லை என்பதும் நமக்குச் சாதகம். இடிப்பது இரட்டித்த வல்லினமும் அழுத்திச் சொல்லும் கேலியும். "அப்பப்பா", "போப்பா", "ப்ளீஸ்" இவற்றைச் சும்மா சொன்னால் பிரச்சினையில்லை, செல்லக் கோபத்தோடு சொன்னால் வலை அதிரும். மைக்கை மூக்கு உயரத்துக்கு ஏற்றி, அங்கிருந்து வாயைப் பார்த்துச் சற்றே சாய்த்து வைத்தால் காற்று மைக்குக்குக் கீழே போய்விடும். அதற்கும் அடங்காத குரலென்றால் வலையிலிருந்து 5 சென்டிமீட்டர் தள்ளி ஒரு துணி ஃபில்டர். வலைக்கு மேலேயே மாட்டும் ஸ்பாஞ்ச் தொப்பியைத் தவிர்க்கலாம். ஏற்கனவே குறைவாக இருக்கும் மேல் ஒலியை அது இன்னும் தின்னும்.

சீறொலிதான் சுவாரசியமான இடம். "ஸ" ஒலியின் ஆற்றல் 6 முதல் 9 கிலோஹெர்ட்ஸில் விழும். மைக்கின் பள்ளம் அங்கே இருப்பதால் "ஸ" பெரும்பாலும் தொந்தரவு தருவதில்லை. "ச்ச", "ஷ" இரண்டும் இன்னும் கீழே தொடங்குகின்றன; 3 முதல் 6 கிலோஹெர்ட்ஸில் குவியும். அது சரியாக மைக்கின் மேட்டில். அதனால் "ஸ்டைலு" தப்பித்துவிடும், "ச்சீ" மாட்டிக்கொள்ளும். சீறொலியை அடக்கும் டீஎஸ்ஸரின் பொதுவான அமைப்புகளை அப்படியே போட்டால் 7 கிலோஹெர்ட்ஸில் தேடிக்கொண்டிருக்கும், சத்தமோ 4.5இல் போய்க்கொண்டிருக்கும். டீஎஸ்ஸரை 3.5 முதல் 5.5 வரை இறக்கி, அதிகபட்சம் 4 டெசிபல் மட்டும் குறைக்கச் சொல்லுங்கள். அதற்கு மேல் போனால் "ச்சீ" என்பது "த்தீ" என்று கேட்கத் தொடங்கும், பாட்டின் பொருளே மாறிவிடும்.

பதிவு செய்யும்போது

1.85 மில்லிவோல்ட்டுக்கு வருவோம். ஒரு நடுத்தரக் கண்டன்சர் மைக் இதைவிடச் சுமார் 15 முதல் 20 டெசிபல் கூடுதலாகத் தரும். ஆகவே இந்த மைக்குக்கு ப்ரீஆம்ப் அதிகம் உழைக்க வேண்டும். வழக்கமான பாடலுக்கு 40 முதல் 45 டெசிபல் கெயின் (பெருக்கம்), கிசுகிசுப்புக்கு 55 முதல் 60. மைக்கைக் கணினியோடு இணைக்கும் பல சின்ன இன்டர்ஃபேஸ்களின் உச்சமே இந்த இடத்தில்தான். குமிழின் கடைசிக் கால்வட்டத்தில் இரைச்சல் ஏறும். கேபிள் வழியாகவே வரும் 48 வோல்ட் மின்சாரமான ஃபான்டம் பவரில் ஓடும் இடைப்பட்ட பூஸ்டர் ஒன்றை மைக்குக்கும் இன்டர்ஃபேஸுக்கும் நடுவே போட்டால் 20 முதல் 25 டெசிபல் சுத்தமாகக் கிடைக்கும். அந்தச் செலவு எல்லோருக்கும் தேவையில்லை. உரக்கப் பாடுகிறவருக்கு வீண். முணுமுணுப்பை நம்பியிருக்கும் பாட்டுக்குக் கட்டாயம். ஃபான்டம் பவர் மைக்குக்குக் கெடுதல் செய்யுமோ என்கிற பயம் வேண்டாம். சரியான பேலன்ஸ்டு கேபிளில் இதற்கு ஒன்றும் ஆகாது.

செலவில்லாத வழியும் இருக்கிறது. ஒரே டேக்கில் முழுப் பாட்டையும் எடுக்காமல், கிசுகிசுப்பு வரிகளைத் தனி ட்ராக்கில், கெயினை 10 டெசிபல் ஏற்றி எடுப்பது. கீச்சல்களுக்கு இன்னொரு ட்ராக். 24 பிட்டில் பதிவு செய்து, மிக உரத்த இடம் மீட்டரில் -10 முதல் -6 டெசிபல் வரை நிற்கும்படி விடுங்கள். கீச்சல் உடைந்து கேட்டால் குற்றம் மைக்கின் மேல் இல்லை. ஒரு மனிதத் தொண்டையால் இந்த மைக்கைத் திணறடிக்க முடியாது, உடைவது ப்ரீஆம்ப்.

அறை விஷயத்தில் பரவலாக ஒரு தப்பு நடக்கிறது. மைக்குக்குப் பின்னால் அரைவட்டமாக ஒரு நுரைக் கவசம் வைத்துவிட்டு அறை சரியாகிவிட்டது என்று நினைப்பது. கார்டியாய்ட் மைக் பின்பக்கம் ஏற்கனவே செவிடு. அது பார்த்துக்கொண்டிருப்பது பாடகியையும், பாடகிக்குப் பின்னாலுள்ள சுவரையும். கனத்த போர்வையைத் தொங்கவிட வேண்டியது பாடகியின் முதுகுக்குப் பின்னால், ஒரு கை தூரத்தில். மின்விசிறி, கணினி போன்ற இரைச்சல் தரும் பொருள்கள் மைக்கின் வால் பக்கம் இருக்கட்டும். பக்கவாட்டில், 90 டிகிரியில், குறைவது 6 டெசிபல் மட்டுமே.

ஹெட்ஃபோனில் தாளக் கசிவு வருவது இந்தப் பாடல்களில் அடிக்கடி நடக்கும். காரணம், பாடகிகள் ஒரு காதைத் திறந்துவைத்துப் பாடுவது. அந்தக் காதுக்கான ஹெட்ஃபோன் கன்னத்தில் தொங்கும், அதிலிருந்து கிளிக் ஒலி மைக்குக்குள் போகும், பாட்டு நின்று குரல் மட்டும் கொஞ்சுகிற இடத்தில் "டிக் டிக்" என்று கேட்கும். அந்தப் பக்கத்தை மிக்ஸரிலேயே நிறுத்திவிடுவதுதான் தீர்வு. இன்னொன்று, கணினி வழியாகத் திரும்பி வரும் குரலைக் கேட்டுப் பாட வைப்பது. 48 கிலோஹெர்ட்ஸில், கணினி ஒலியைச் சேர்த்துவைக்கும் பஃபர் 128 சாம்பிள் என்றால் ஒரு வழிக்கே 2.7 மில்லிவிநாடி, போய்த் திரும்பி வரும்போது அதன் பல மடங்கு. அந்தத் தாமதம் மண்டை எலும்பு வழியாகக் கேட்கும் சொந்தக் குரலோடு மோதி, குரலைக் குடைந்தெடுத்த மாதிரி ஆக்கும். பாடகி காரணம் புரியாமல் அழுத்திப் பாடுவார், குறும்பு போய்விடும். கணினிக்குப் போய்த் திரும்பாமல் குரலை நேரே காதுக்குத் தரும் இன்டர்ஃபேஸின் நேரடி மானிட்டரைப் போட்டுக்கொடுங்கள்.

பல்லவிக்கு இரட்டைக் குரல் எடுப்பதென்றால், முதல் குரலை 7 சென்டிமீட்டரிலும் இரட்டைகளை 12 முதல் 15 சென்டிமீட்டரிலும் எடுக்கலாம். எல்லாவற்றையும் ஒட்டிநின்று எடுத்தால் கீழ்க்கட்டை மூன்று மடங்காகக் குவிந்து மந்தமாகும். இரட்டைகளில் வரி இறுதி "ச்", "ட்", "க்" எழுத்துகளை முழுங்கிப் பாடச் சொல்வது நல்லது. மூன்று குரலும் ஒரே நொடியில் "ட்" முடிக்காது. சிதறிய கைதட்டல் மாதிரி இருக்கும்.

மிக்ஸில் செய்ய வேண்டியது குறைவு. 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டும் ஹைபாஸ்; மூச்சு இடியெல்லாம் அதோடு போய்விடும். கிசுகிசுப்பு வரிகள் மூட்டமாக இருந்தால் 250 முதல் 350 ஹெர்ட்ஸுக்குள் 2, 3 டெசிபல் குறைப்பு, அந்த வரிகளுக்கு மட்டும். 10 கிலோஹெர்ட்ஸிலிருந்து மேலே எல்லாவற்றையும் 3 டெசிபல் ஏற்றும் ஷெல்ஃப். கீச்சல் இடங்களில் மட்டும் 3 முதல் 4.5 கிலோஹெர்ட்ஸை அமுக்குகிற டைனமிக் ஈக்யூ ஒன்று. மூக்கோசை இருக்கும் 1 கிலோஹெர்ட்ஸ் பகுதியைத் தொடாதீர்கள், அல்லது தொட்டால் 2 டெசிபலோடு நிறுத்துங்கள். அந்த மூக்கோசைதானே அவருடைய முகவரி. அதைச் சுத்தம் செய்துவிட்டால் யார் வேண்டுமானாலும் பாடியிருக்கலாம் என்கிற குரல்தான் மிஞ்சும்.

உரத்த இடங்களைத் தானாக அமுக்கும் கம்ப்ரஸருக்கு முன்னால் வரி வரியாகக் கையால் அளவைச் சமன் செய்துவிடுவது இந்த வகைப் பாட்டில் தவிர்க்க முடியாத வேலை. அதன்பின் 3:1 விகிதம், 10 முதல் 20 மில்லிவிநாடி அட்டாக் (அமுக்கத் தொடங்கும் நேரம்), 80 மில்லிவிநாடி வாக்கில் ரிலீஸ் (விடுவிக்கும் நேரம்), 4 முதல் 6 டெசிபல் குறைப்பு. அட்டாக்கை 1, 2 மில்லிவிநாடிக்கு இறக்கினால் "டா", "கா", "டக்கு" போன்ற வெடிப்புகள் தட்டையாகிவிடும். தாளத்தோடு மல்லுக்கு நிற்கும் எழுத்துகள் அவைதான்.

மேடையிலும் மற்ற மைக்குகளோடும்

மேடை இதன் சொந்த வீடு. ஆனாலும் ஊளையிட வைப்பதற்கு ஒரு சுலபமான வழி உண்டு: உருண்டையைக் கையால் பொத்திப் பிடிப்பது. பின்பக்க ஒலியைத் தள்ளுவதற்கான துளைகள் உருண்டையின் அடிப்பகுதிக்குள்தான் இருக்கின்றன. பொத்தினால் மைக் எல்லாத் திசையிலிருந்தும் கேட்கும். குரல் குழாய்க்குள் பேசுவது போலாகும், ஸ்பீக்கர் ஊளையிடும். பார்க்க ஸ்டைலாக இருக்கிறது என்று இப்படிப் பிடிக்கிறவர்களிடம், கை வலைக்குக் கீழேயுள்ள கழுத்தைத் தாண்டக் கூடாது என்று ஒரு கோடு போட்டுக் காட்டிவிடலாம். மானிட்டர் ஸ்பீக்கர் மைக்கின் வாலுக்கு நேர் பின்னே, அதாவது பாடகியின் நேர் எதிரே இருக்க வேண்டும். ஆடும்போது மைக் பிடித்த கை கீழே தொங்கினால் மைக்கின் வாய் மானிட்டரைப் பார்க்கும். ஒலிக்காரர் இசைத் துண்டு வரும் இடங்களில் ஃபேடரை இறக்கிவைக்கப் பழகிக்கொள்ள வேண்டும்.

அதே நிறுவனத்தின் பீட்டா 58ஏ சுமார் 3 டெசிபல் கூடுதலாகத் தரும், மேல் ஒலி பளிச்சென்று இருக்கும், ஊளையையும் நன்றாகத் தாங்கும். ஆனால் அது இன்னும் குறுகலாகக் கேட்கிற சூப்பர்கார்டியாய்ட். வாய் கொஞ்சம் விலகினாலே குரலின் நிறம் மாறும். தலையை ஆட்டி, கண்ணைச் சிமிட்டி, நாலு பக்கமும் திரும்பிப் பாடுகிறவருக்கு அது சரிப்படாது. கூர்மையான குரலில் அதன் பளிச்சும் மிகை. அதற்கு மானிட்டரையும் நேர் பின்னே வைக்கக் கூடாது, இரு பக்கம் தள்ளி 120 டிகிரி வாக்கில் வைக்க வேண்டும். பழைய இடத்திலேயே வைத்துவிட்டு மைக்கைத் திட்டுகிறவர்கள் உண்டு.

எஸ்எம்7பி நல்ல மைக்தான். 58ஐவிட 4.5 டெசிபல் குறைவாகத் தரும், எடை 765 கிராம், கையில் பிடிக்க முடியாது. அசையாமல் பாடுகிறவருக்கு அது. எஸ்எம்57க்கும் 58க்கும் உள்ளே உள்ள ஒலித்தலை ஏறக்குறைய ஒரே குடும்பம். 57இல் உருண்டை வலை இல்லாததால் மூச்சு இடி அதிகம், இந்தப் பாட்டுக்கு வேண்டாம். மூச்சுக் குரலுக்கு என்ன செய்வது என்றால், பெரிய டயஃப்ரம் கண்டன்சர் ஒன்றை அந்த வரிகளுக்கு மட்டும் இரவல் வாங்கி, மற்றதை 58இல் எடுப்பது. ஒரே பாட்டில் இரண்டு மைக் கேட்பவருக்கு உறுத்துமோ என்றால், கிசுகிசுப்பும் பாடலும் ஏற்கனவே வேறு வேறு நிறம் என்பதால் பெரும்பாலும் உறுத்தாது.

வாங்குவதும் பராமரிப்பதும்

சுவிட்ச் இல்லாத மாடலையே எடுங்கள். எஸ்எம்58எஸ் என்பதில் பிடியில் ஒரு நகர்த்து சுவிட்ச் இருக்கும். துள்ளிக்கொண்டே பாடுகிறவர் கட்டைவிரல் பட்டு அது அணைந்துபோகும், ஒலிக்காரர் கேபிளைச் சந்தேகப்படுவார். ஏற்கனவே அந்த மாடல்தான் இருக்கிறது என்றால் சுவிட்சை ஆன் நிலையில் பூட்டிவைக்கும் தகடு உண்டு. எல்சி என்று முடியும் மாடலில் கேபிள் வராது. பை, ஸ்டாண்டு கிளிப், திருகு அடாப்டர் மட்டும் வரும். மூன்று பின் உள்ள எக்ஸ்எல்ஆர் கேபிளைத் தனியாகப் பார்த்து வாங்க வேண்டும். ஒரு முனையில் எக்ஸ்எல்ஆர், மறு முனையில் 6.35 மில்லிமீட்டர் மோனோ பின் உள்ள கேபிளோடு பழைய கரோக்கே பெட்டியில் செருகினால் குரல் வரும்; சத்தம் குறைவாகவும் மின் இரைச்சலோடும் வரும். அதை வைத்து மைக்கை மதிப்பிட வேண்டாம். கைப்பேசியின் ஹெட்ஃபோன் துளையிலும் நேரடியாக ஓடாது.

அழுக்கு இந்த மைக்கின் மறைமுக எதிரி. உதட்டுச்சாயமும் எச்சிலும் உள் ஸ்பாஞ்சில் சேரச் சேர மேல் ஒலி மங்கும்; "மைக் பழசாகிவிட்டது" என்று சொல்லப்படும் பல மைக்குகளுக்குத் தேவை ஒரு குளியல்தான். வலையை இடப்புறமாகச் சுற்றினால் கழன்று வரும். மைக்கின் உடலைத் தனியாக எடுத்து ஓரமாக வையுங்கள். ஒலித்தலையைத் தூக்கிப் பார்க்கும் ஆசை வேண்டாம், அடியில் தலைமுடி கனத்தில் இரண்டு கம்பிகள் இருக்கின்றன. வலையை வெதுவெதுப்பான நீரில் மென்மையான சோப்பு போட்டு, பழைய பல் துலக்கியால் தேய்த்து அலசி, ஒரு முழு நாள் காயவிட்டுப் பிறகே மாட்ட வேண்டும். ஈர ஸ்பாஞ்சோடு மாட்டினால் குரல் போர்வைக்குள்ளிருந்து கேட்கும். கீழே விழுந்து வலை நசுங்கினால் மைக் போய்விட்டதாக நினைக்க வேண்டாம். அடியை வாங்கிக்கொள்வதற்காகவே அந்த வலை. ஆர்கே143ஜி என்ற எண்ணில் வலை தனியாகக் கிடைக்கும், திருகி மாட்டினால் முடிந்தது. ஒலித்தலைக்கும் மாற்று உண்டு, எண் ஆர்59. அதற்குப் பற்றவைக்கத் தெரிந்த ஆள் தேவை.

போலிகள் ஏராளம், பெட்டியும் ஸ்டிக்கரும் அச்சு அசலாக இருக்கும். அசலின் பிடிக்குள் ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர் பசையோடு சேர்த்து இறுக்கப்பட்டிருக்கிறது. பல போலிகளில் அது இருக்காது, அதனால் எடை குறையும். சமையலறைத் தராசில் வைத்தால் 298 கிராமை ஒட்டிக் காட்ட வேண்டும். எடையைச் சரிக்கட்ட உள்ளே இரும்புத் துண்டு போட்ட போலிக்கு இரண்டாவது சோதனை: இயங்கும்போது பிடியை விரலால் தட்டுங்கள். அசலில் ஒலித்தலை காற்றுமெத்தை மாதிரியான அமைப்பின் மேல் உட்கார்ந்திருப்பதால் மெல்லிய "தொப்" மட்டும் கேட்கும். போலியில் தகரத்தைத் தட்டின ஒலி வரும். மூன்றாவதாக, 7 சென்டிமீட்டரில் "ச்சீ" சொல்லி, அப்படியே மைக்கின் வாலுக்குப் பின்னால் போய் அதே சத்தத்தில் மறுபடி சொல்லிப் பாருங்கள். பின்னாலிருந்து சொன்னது ஏறக்குறைய அதே பலத்தில் பதிவானால், விற்றவரிடம் பில் இருக்கும்போதே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.